மொட்டை டயரும் நமது உயிரும்

தோட்டப் பாட்டாளிகள் விடியற்காலையில் சீவி இறக்கும் பால் எங்கே போய்ச் சேருகிறது? உலகில் விளையும் இயற்கை ரப்பரில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு டயர் செய்யவே பயன்படுகிறது. பேராக் மாநிலத்துக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் கன்றுகள் நடப்பட்டபோதே தொடங்கிவிட்டது. உலகத்துக்கு டயரைத் தந்த நாம், நமது சொந்த வாகனத்தின் டயரை எப்போது கடைசியாகக் குனிந்து பார்த்தோம்?

டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களை நாம் 'பூ' என்கிறோம். அது அழகுக்காக அமைந்ததன்று. மழைநீரை ஒதுக்கி வெளியேற்றி, ரப்பர் சாலையைப் பற்றிக்கொள்ள உதவுவதே அதன் வேலை. பூ தேய்ந்துவிட்டால் நீர் வெளியேற வழியின்றி டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது பிரேக்கும் பிடிக்காது. கைப்பிடியும் நமது சொல்லைக் கேட்காது. தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து ஈப்போவுக்குச் செல்வோர் மாலை இடிமழையின் வேகத்தை நன்கு அறிவர். நம் நாட்டுச் சாலைகளில் மாண்டு போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதையும் மறத்தலாகாது.

கார் டயரின் பூ 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். புதிய டயரில் இது சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். இதை அளக்கக் கருவி தேவையில்லை. டயரின் பக்கவாட்டில் சிறு முக்கோணக் குறியோ 'டி.டபிள்யூ.ஐ.' என்னும் எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்தினுள் ஒரு சிறு மேடு தெரியும். பூவும் அந்த மேடும் ஒரே மட்டமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். மோட்டார் சைக்கிள் டயரிலும் இத்தகைய மேடு உண்டு.

தேய்மானத்தின் வடிவமும் நமக்குச் செய்தி சொல்லும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. காரில் ஒருபுறம் மட்டும் தேய்ந்தால் சக்கரம் நேராக இல்லை. பட்டறையில் காட்டுதல் நலம். தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் டயரில் கற்கள் சிக்கியிருக்கும். அவற்றை நீக்கி, வெடிப்பும் வீக்கமும் உண்டா என்று தடவிப் பாருங்கள்.

காற்றை வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் சோதியுங்கள். டயரில் பொறித்த நான்கு இலக்கங்கள் அது தயாரான காலத்தைக் காட்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பழைய டயரை வாங்கும்போது இதை அவசியம் பார்க்க வேண்டும்.

புதிய டயருக்குச் செலவாகும் பணம் பெரிதாகத் தோன்றலாம். ஆனால், பின்னிருக்கையில் அமர்ந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் உயிருக்கு விலை உண்டோ? சம்பள நாளன்று ஐந்து நிமிடம் ஒதுக்கி, டயரைக் குனிந்து பாருங்கள்.