ஒட்டுப் போட்ட துறைமுகம்

ராஜபாளையத்துச் சஞ்சீவி மலையில் ஏறியிருக்கிறீர்களா? மேற்கு மலைத் தொடரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வரை கண்ணைச் சுழற்றிப் பாருங்கள். அத்தனையும் ஒரே படத்தில் அடங்குமா?

ஹாங்காங் துறைமுகத்தை 1860 மார்ச்சில் அப்படி அடக்கிவிட்டார், பெலிசே பியாட்டோ என்ற படக்காரர். சிப்பாய்க் கலகத்தில் சிதைந்த லக்னோவை 1858-ல் படமெடுத்தவர்தான்! காமிராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தனித்தனிக் கண்ணாடித் தகட்டில் எடுத்து, பிரதிகளை வரிசையாக ஒட்டினார். பூப்போட்ட துணியில் பூவோடு பூவைச் சேர்த்துத் தைப்பீர்களே, அந்த மாதிரி. ஓரம் பிசகினால் கப்பல் இரண்டாகிவிடும்!

அழகான காட்சிதான். ஆனால் அங்கே திரண்டு நிற்பது சீனாவின் மேல் படையெடுக்கப் புறப்பட்ட பிரிட்டிஷ் கப்பல்கள். இரண்டாவது அபினி யுத்தம். அந்த அபினி விளைந்தது நம் கங்கைக் கரையிலும் மாளவத்திலும். அந்தப் படையெடுப்பில் சென்னை ராஜதானியின் சாப்பர்ஸ் படையும் போயிற்று.

பாய்மரங்கள் ஊசி ஊசியாய்த் தெரிகின்றன. கப்பலில் இருப்பவர் முகம் ஒன்றும் தெரியவில்லை.