நொய் அரிசியும் மரபணு விதியும்

குத்தாலம் கடைவீதியில் நொய் என்றால் கஞ்சிக்கும் மாவுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிற மலிவுச் சரக்கு. அந்த நொய்தான் 2021-ல் ஐரோப்பாவில் நம் நாட்டு அரிசிக்குப் பெரிய சிக்கலைக் கொண்டுவந்தது.

இந்தியாவிலிருந்து சென்ற சுமார் 500 டன் நொய்யை அரைத்த மாவில் மரபணு மாற்றிய அரிசி கலந்திருப்பதாக அவ்வாண்டு ஜூனில் பிரான்ஸ் எச்சரித்தது. அந்த மாவு சேர்ந்த மிட்டாய்கள் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டன. அப்படிப்பட்ட நெல் இந்தியாவில் வணிகமுறையில் பயிராவதே இல்லை என்று நம் அரசு மறுத்தது.

ஒரு பயிருக்குள் வேறோர் உயிரின் மரபணுவை ஆய்வுக்கூடத்தில் புகுத்துவதே பெரும்பாலும் மரபணு மாற்றம் எனப்படுகிறது. இதில் நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவிலும் பிரேசிலிலும் சோயாவும் மக்காச்சோளமும் பெரும்பாலும் இந்த வகைதான். ஐரோப்பாவிலோ, அனுமதி பெற்ற ரகம்கூட 0.9 சதவீதத்தைத் தாண்டினால் லேபிளில் குறிக்க வேண்டும். அனுமதி பெறாத ரகம் உணவில் இருக்கவே கூடாது. நம் நாட்டில் 2002 முதல் பருத்திக்கு அனுமதி உண்டு, நெல்லுக்கு இல்லை. அரிசி, கோதுமை உள்ளிட்ட 24 உணவுப் பயிர்களை இறக்குமதி செய்ய, மரபணு மாற்றமற்றது என்ற சான்று வேண்டும் என 2021 மார்ச்சில் விதி வந்தது. தற்செயல் கலப்புக்கு 1 சதவீதம் வரை விலக்கு. ஆனால் மரபணு மாற்றிய சோயாவின் எண்ணெய் பல ஆண்டுகளாகவே நம் கடைகளுக்கு வருகிறது.

ஆகவே துறைமுகத்தில் முதற்கேள்வி, "இது கெடுதலா?" என்பதல்ல, "இதற்கு இங்கே அனுமதி உண்டா?" என்பதே. 2006-ல் அமெரிக்க நீள அரிசியில் அனுமதியற்ற ரகம் சிறிதளவு கலந்திருந்தது. உடல்நலத்துக்குக் கேடில்லை என்று அந்நாட்டு அரசு சொல்லியும் ஜப்பான் அந்த அரிசியை நிறுத்தியது. ஐரோப்பா சோதனைச் சான்று கேட்டது. அந்த ரகத்தின் உரிமையாளரான பேயர் நிறுவனம் 2011-ல் விவசாயிகளுக்கு 75 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது.

நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பல ஆலைகளின் நொய் ஒரே குவியலில் சேர்ந்துவிட்டால், குறை எந்த மூட்டையில் என்று யாராலும் சொல்ல முடியாது. பழி மொத்தச் சரக்கின்மேலும் விழும். எனவே வணிகப் பெருமக்கள் ஆலை வாரியாக, லாட் வாரியாக மூட்டைகளைப் பிரித்து அடுக்குங்கள். ரகம், ஆலை, தேதி மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். அந்தப் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ஏற்றுமதியாளர் கேட்கும் நாளில் அந்தக் காகிதமே நமக்குச் சாட்சி.