தாய் எத்தனை நாள் காத்திருப்பாள்?

“பிள்ளை காரணம் தெரியாமல் செத்துப்போனால், போலீசார் எத்தனை நாளில் பதில் சொல்லவேண்டும்?” கொட்டிவாக்கம் குப்பத்துத் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார்.

சட்டம் சொல்கிறது: 90 நாள்! ‘பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா’ என்று வாயில் நுழையாப் பெயருடன் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததே, அதன் 193ஆம் பிரிவு. புகார் கொடுத்தவருக்கு அதற்குள் விசாரணையின் நிலையைத் தெரிவித்தால் போதுமாம்.

கனியாமூர் எத்தனை நாள் பொறுத்தது? நான்கே நாள்!

கள்ளக்குறிச்சி மாவட்டத்து அவ்வூரில், 2022 ஜூலை 13ஆம் நாள், பள்ளி விடுதியிலே தங்கிப் படித்த 17 வயது மாணவி பிணமாகக் கிடந்தாள். தாய் கதறினாள், ஊர் கேட்டது. மனம் ஏற்கும் பதில் வரவில்லை, வதந்தி வந்தது. 17ஆம் நாள் பள்ளி சூறையாடப்பட்டது, பேருந்துகள் எரிந்தன. அதன் பிறகே வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போயிற்று, கலெக்டரும் போலீஸ் சூப்பரின்டெண்டும் மாற்றப்பட்டனர். 23ஆம் நாள்தான் உடல் அடக்கமாயிற்று.

தீ வைத்ததை நாம் ஏற்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் கைதானதுதான் மிச்சம். ஆனால் மௌனம் சாதித்தவர்களுக்குப் பொறுப்பில்லையா?

நாம் கோருவது இதுதான்: பொறுப்புள்ள அதிகாரி நாள்தோறும் பெற்றோரின் வீட்டுக்கே செல்லட்டும். தெரிந்தது இது, தெரியாதது இது என்று தமிழில் சொல்லட்டும், எழுதியும் கொடுக்கட்டும்.

தோழர்களே! நாமும் காதில் விழுந்ததையெல்லாம் பரப்பவேண்டாம். கேள்வி கேட்போம், கல்லெடுக்க மாட்டோம். பதில் வரும்வரை கேட்பதை நிறுத்தவும் மாட்டோம்!