அவிநாசி பஸ் விபத்து: லாரி மோதினால் பஸ்ஸுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அடி? ஹெல்மெட்டுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

2020 பிப்ரவரி 20, அதிகாலை. பெங்களூருவில் இருந்து எர்ணாகுளம் சென்றுகொண்டிருந்த கேரள அரசு வால்வோ பஸ், திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே வந்தபோது, எதிரே டைல்ஸ் லோடுடன் வந்த கன்டெய்னர் லாரி சென்டர் மீடியனைத் தாண்டி மோதியது. பஸ்ஸில் வந்த 19 பேர் உயிரிழந்தனர். லாரி டிரைவர் உயிர் தப்பினார்.

பஸ்ஸும் பெரிய வண்டிதானே, அப்புறம் ஏன் இப்படி?

லாரி பஸ்ஸை அதிக விசையோடு அடித்தது என்றுதான் பலரும் நினைப்போம். அது தவறு. லாரி பஸ்ஸை எவ்வளவு விசையோடு தள்ளியதோ, அதே விசையோடு பஸ்ஸும் லாரியைத் தள்ளியது. வித்தியாசம் எடையில் இருக்கிறது.

நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். பத்தாம் வகுப்பில் படித்ததுதான். மோதலில் ஒரு வண்டி இழக்கும் உந்தம் இன்னொன்றுக்குப் போகும், மொத்தம் மாறாது. ஒரு கணக்குக்காக 30 டன் லாரி, 15 டன் பஸ், இரண்டும் 80 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டன என்று வைத்துக்கொள்வோம். (அவிநாசியில் நடந்தது இவ்வளவு நேரான மோதல் இல்லை.) மோதியதும் இரண்டும் லாரி வந்த திசையிலேயே சுமார் 27 கி.மீ. வேகத்தில் நகரும்.

அதாவது லாரியின் வேகம் 53 கி.மீ. மட்டுமே குறைகிறது. பஸ்ஸோ முன்னால் போன 80-ஐ இழந்து, பின்னால் 27-க்குத் தள்ளப்படுகிறது. மொத்த மாற்றம் 107 கி.மீ.! அந்த மாற்றம்தான் உள்ளே இருக்கும் உடம்பைத் தாக்குகிறது.

சரி, மாற்றத்தைத் தடுக்க முடியாது. ஆனா அதுக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை நீட்டிக்கலாம். விசையை நேரத்தால் பெருக்கினால் வருவது கணத்தாக்கு. நேரம் கூடினால் விசை குறையும். வேனில் இருந்து போடும் துணி ரோலை யாரும் கையை விறைப்பாக வைத்துப் பிடிப்பதில்லை. கையும் கூடவே இறங்கும். அதே டெக்னிக்தான்.

ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வீடு திரும்பும் பனியன் கம்பெனி தொழிலாளிக்கு அந்த வேலையைச் செய்வது ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல். 5 கிலோ எடையுள்ள தலை 36 கி.மீ. வேகத்தில் தார்ச்சாலையில் மோதி 5 மில்லிமீட்டருக்குள் நின்றால், சராசரியாக 5 டன் எடை அழுத்துவது போன்ற விசை. தெர்மாகோல் நசுங்கி 25 மில்லிமீட்டர் இடம் கொடுத்தால் அது 1 டன்னாகக் குறையும். அதுவும் பெரிய அடிதான், ஆனா பிழைக்க வாய்ப்பு உண்டு.

ஸ்ட்ராப் மாட்டாத ஹெல்மெட் தலை தரையைத் தொடும் முன்பே கழன்று போகும். பெட்ரோல் டேங்க் மேல் வைத்த ஹெல்மெட் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டும் வெளியே நல்லா தெரிந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும். நசுங்கிய தெர்மாகோல் மறுபடி எழும்பாது, மாற்றியே ஆக வேண்டும்.