இணையத்தளத்தின் முகம் மாறும்போது யாரைக் கேட்க வேண்டும்? விக்கிப்பீடியா மறுவடிவமைப்பு தரும் பாடம்

கொச்சி: கொச்சி நகரின் மேற்குப் பகுதியில் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, பள்ளுருத்தி ஆகிய இடங்களுக்குச் செல்லும் சாலைகள் பிரியும் இடம் தோப்பும்படி. இவ்வட்டாரத்தில் மலையாளத்துடன் தமிழ், கொங்கணி, குஜராத்தி, மராத்தி, உருது எனப் பல மொழிகள் தலைமுறைகளாகப் பேசப்பட்டு வருகின்றன. மட்டாஞ்சேரியில் குஜராத்தியர் தெரு உள்ளது. கொங்கணி பேசுவோரின் பழைமையான கோயில் உள்ளது. ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில், தமிழகத்திலிருந்து வந்து தலைமுறைகளாகச் சலவைத் தொழில் செய்யும் குடும்பங்களும் வாழ்கின்றன.

இப்படிப்பட்ட ஊரில், பள்ளியில் மலையாளத்தில் படித்து வீட்டில் தமிழ் பேசும் ஒரு மாணவி, விக்கிப்பீடியாவில் மலையாளக் கட்டுரையைத் திறந்து அதன் தமிழ் வடிவத்தைத் தேடுவதாகக் கொள்வோம். மொழியை மாற்றும் பொத்தான் கண்ணில் படும் இடத்தில் இருந்தால் ஒரு நொடியில் வேலை முடியும். பக்கத்தின் அடியில் ஒளிந்திருந்தால், தமிழ்க் கட்டுரை ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம்.

மக்கள் சேர்ந்து உருவாக்கும் தளங்களில், எதை எங்கே வைப்பது என்ற முடிவு யாருக்கு எது எட்டும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. அந்த முடிவை எடுப்பது யார், எப்படி எடுப்பது என்பதற்கு அண்மைக்கால உதாரணம் விக்கிப்பீடியாவின் மறுவடிவமைப்பு.

பத்தாண்டுகளுக்குப் பின் வந்த மாற்றம்

விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளின் பெயர் மீடியாவிக்கி. இதில் கட்டுரைகளின் உள்ளடக்கம் தனியாகவும், அதைத் திரையில் காட்டும் தோற்ற அடுக்கு தனியாகவும் உள்ளன. இந்த அடுக்கை 'ஸ்கின்' என்பர். 2010ஆம் ஆண்டு முதல் 'வெக்டர்' என்ற ஸ்கின் கணினித் திரைகளில் இயல்பான தோற்றமாக இருந்து வந்தது.

தளத்தைப் பராமரிக்கும் லாப நோக்கமற்ற விக்கிமீடியா அறக்கட்டளை, இத்தோற்றத்தைச் சீரமைக்கும் திட்டத்தை 2019இல் தொடங்கியது. மாற்றங்கள் எல்லா மொழிகளிலும் ஒரே நாளில் புகுத்தப்படவில்லை. பிரெஞ்சு, ஹீப்ரு, பாரசீகம், பாஸ்க் உள்ளிட்ட சில மொழிகளின் விக்கிப்பீடியாக்களில் முதலில் சோதிக்கப்பட்டன. இந்தியா, இந்தோனேசியா, கானா, அர்ஜென்டினா உள்ளிட்ட நாடுகளைச் சேர்ந்த 30க்கும் மேற்பட்ட தன்னார்வலர் குழுக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டதாக அறக்கட்டளை தெரிவித்தது.

'வெக்டர் 2022' எனப் பெயரிடப்பட்ட புதிய தோற்றம், 2023 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் பெரும்பாலான மொழிகளில் அது அறிமுகமாகியிருந்தது. 2002 டிசம்பரில் தொடங்கிய மலையாள விக்கிப்பீடியாவும், 2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இப்போது இத்தோற்றத்திலேயே திறக்கின்றன.

என்னென்ன மாறின?

முதலாவது, மொழிப் பொத்தான். முன்பு ஒரு கட்டுரை வேறு எந்த மொழிகளில் உள்ளது என்ற பட்டியல், இடப்புற ஓரத்தில் பிற இணைப்புகளுக்குக் கீழே நீண்டு கிடந்தது. புதிய தோற்றத்தில் அது கட்டுரைத் தலைப்பின் எதிரே, வலப்புற மேல் மூலையில் ஒரே பொத்தானாக வைக்கப்பட்டுள்ளது. எத்தனை மொழிகளில் அக்கட்டுரை உள்ளது என்ற எண்ணும் அதில் தெரியும்.

இரண்டாவது, பொருளடக்கம். முன்பு கட்டுரையின் தொடக்கத்தில் மட்டும் இருந்த பொருளடக்கம், இப்போது இடப்புறத்தில் நிலையாக நிற்கிறது. நீண்ட கட்டுரையின் நடுவில் இருக்கும் வாசகர், மேலே திரும்பாமலேயே அடுத்த பகுதிக்குச் செல்லலாம்.

மூன்றாவது, தேடுபெட்டி. வலப்புற மூலையிலிருந்து தலைப்பகுதியின் மைய இடத்துக்கு அது நகர்த்தப்பட்டது. தேடும்போதே படமும் சிறு விளக்கமும் தோன்றுகின்றன. கணக்கில் நுழைந்தவர்களுக்கு, கீழே உருட்டிச் சென்றாலும் தலைப்பட்டை உடன் வருகிறது.

நான்காவது, வரியின் நீளம். அகன்ற திரைகளில் வரிகள் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடாதபடி கட்டுரையின் அகலத்துக்கு வரம்பு வைக்கப்பட்டது. வரி மிக நீண்டால், ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடிக்கக் கண் தடுமாறும். ஒரு வரியில் 80 எழுத்துகளுக்கு மேல் வேண்டாம் என்பது உலகளாவிய இணைய அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளின் மிக உயர்ந்த நிலையில் இடம்பெறும் அளவுகோல்களுள் ஒன்று.

எதிர்ப்பு ஏன் எழுந்தது?

இவற்றுள் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது வரி நீள வரம்பு. பெரிய திரையின் இருபுறமும் வெள்ளைவெளி வீணாகிறது என்றும், அகன்ற அட்டவணைகளைப் படிப்பது கடினமாகிறது என்றும் பல தொகுப்பாளர்கள் கூறினர். மொழிப் பட்டியல் பொத்தானுக்குள் சென்றதால், முன்பு ஒரு சொடுக்கில் முடிந்த வேலைக்கு இப்போது இரண்டு சொடுக்குகள் தேவைப்படுகின்றன என்ற குறையும் சொல்லப்பட்டது. பட்டியலை நாள்தோறும் பயன்படுத்தியவருக்கு அது இழப்பு. பட்டியல் இருப்பதையே அறியாத புதியவருக்கு அது ஆதாயம். ஒரே மாற்றம் இரு தரப்பினருக்கு இரு விதமாகப் பொருள்படுவதை இது காட்டுகிறது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் 2022இன் பிற்பகுதியில் நடந்த கலந்தாய்வில் ஆதரவும் எதிர்ப்பும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. மாற்றம் வந்த பின் பழைய தோற்றத்துக்கே திரும்ப வேண்டும் என்று கோரும் விவாதமும் நடந்தது. நூற்றுக்கணக்கானோர் பங்கேற்ற அவ்விவாதம், பின்வாங்குவதற்குரிய கருத்தொற்றுமை இல்லை என்ற முடிவுடன் முடித்துவைக்கப்பட்டது. விக்கிப்பீடியாவில் இத்தகைய முடிவுகள் தலை எண்ணிக்கையால் மட்டும் எடுக்கப்படுவதில்லை. முன்வைக்கப்பட்ட காரணங்களின் வலுவும் கணக்கில் கொள்ளப்படும்.

புதிய தோற்றத்தில் தேடல்கள் 30 சதவீதம் கூடின என்றும், திரையை உருட்டுவது 15 சதவீதம் குறைந்தது என்றும் அறக்கட்டளை அறிவித்தது. இவை ஒரு மாற்றம் எப்படிப் பயன்படுத்தப்படுகிறது என்பதைக் காட்டும். வாசகர் தேடியதைக் கண்டடைந்தாரா, படித்தது எளிதாக இருந்ததா என்பதை அறிய, அவரிடம் நேரில் கேட்பதும் அவர் பயன்படுத்துவதை அருகிலிருந்து பார்ப்பதும் தேவை.

திரும்பும் வழி

எதிர்ப்பு இருந்தும் சமூகம் சிதறாமல் இருக்க உதவியவற்றுள் முக்கியமானது, திரும்பிச் செல்லும் வழி திறந்தே வைக்கப்பட்டது. கணக்கு வைத்திருப்போர் தம் விருப்பத்தேர்வுகளில் பழைய வெக்டரையோ, அதற்கும் முந்தைய 'மோனோபுக்' தோற்றத்தையோ இன்றும் தேர்ந்தெடுக்கலாம். கணக்கு இல்லாத வாசகருக்கும் கட்டுரையை முழு அகலத்துக்கு விரிக்கும் பொத்தான் தரப்பட்டது. 2024இல் எழுத்தளவை மாற்றும் வசதியும், இருள் வண்ணப் பின்னணியும் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன.

இந்த வழி இல்லாத இடத்தில் நிகழ்ந்ததற்கு 'டிக்' தளம் சான்று. வாசகர்கள் செய்தி இணைப்புகளைப் பகிர்ந்து வாக்களிக்கும் தளமாகப் புகழ்பெற்றிருந்த டிக், 2010 ஆகஸ்டில் தன் நான்காம் வடிவத்தை ஒரேயடியாக வெளியிட்டது. வாசகர்கள் விரும்பிப் பயன்படுத்திய சில வசதிகள் அதில் நீக்கப்பட்டிருந்தன. அதிருப்தியடைந்த பலர் போட்டித் தளமான ரெடிட்டுக்குச் சென்றனர். 2012இல் டிக் தளம் சுமார் 5 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அதே ரெடிட் 2018இல் தன் தோற்றத்தை மாற்றியபோது, பழைய வடிவத்தைத் தனி முகவரியில் தொடர்ந்து இயங்க விட்டது.

தமிழுக்கும் மலையாளத்துக்கும் உரிய சிக்கல்

ஆங்கிலத்துக்காக வரையப்பட்ட திரை அமைப்பு இந்திய மொழிகளுக்கு அப்படியே பொருந்துவதில்லை. தமிழில் புள்ளியும் இகர, ஈகாரக் குறிகளும் எழுத்தின் மேலே எழும். உகர, ஊகார வடிவங்கள் கீழே இறங்கும். வரிகளுக்கிடையே போதிய இடைவெளி இல்லாவிட்டால் மேல்வரியின் கீழ்க்குறியும் கீழ்வரியின் மேற்குறியும் நெருங்கி எழுத்து மங்கும்.

மலையாளத்தில் மரபு வரிவடிவத்தின் கூட்டெழுத்துகள் பல, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி எழுதப்படுபவை. 1971இல் தட்டச்சுக்கும் அச்சுக்கும் வசதியாக எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. கணினியில் மரபு வடிவங்களையும் காட்டும் எழுத்துருக்கள் பின்னர் உருவாயின. எந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதே பத்திக்குத் தேவையான உயரமும் மாறும்.

சொல்லின் நீளம் மற்றொரு சிக்கல். ஒட்டுநிலை மொழியான தமிழில் வேற்றுமை உருபுகளும் துணைச்சொற்களும் சேர்ந்து சொற்கள் நீள்கின்றன. ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் அடங்கும் பொத்தானுக்குத் தமிழில் இருமடங்கு இடம் தேவைப்படலாம். இடம் போதாவிட்டால் சொல் பாதியில் உடையும், அல்லது பொத்தானுக்கு வெளியே வழியும். மீடியாவிக்கியின் பொத்தான்களிலும் அறிவிப்புகளிலும் காணும் சொற்களை 'டிரான்ஸ்லேட்விக்கி' என்ற தளத்தில் தன்னார்வலர்களே மொழிபெயர்க்கின்றனர். ஆகவே, ஒரு பெட்டியின் அகலத்தை முடிவு செய்யும் முன் அந்த மொழிபெயர்ப்புகளை அதில் இட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

உள்ளூர்த் தளங்களுக்கு என்ன பாடம்?

கேரளத்தில் இது தொலைதூர விவகாரமன்று. மாநிலக் கல்வித் துறையின் தொழில்நுட்பப் பிரிவான கைட் நடத்தும் 'ஸ்கூல் விக்கி' 2009இல் தொடங்கப்பட்டது. 15,000க்கும் மேற்பட்ட பள்ளிகளின் விவரங்களை ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து தொகுக்கும் அத்தளமும் மீடியாவிக்கி மென்பொருளில்தான் இயங்குகிறது. குடியிருப்போர் சங்கம், வாசகசாலை, முன்னாள் மாணவர் அமைப்பு, மொழிச் சங்கம் எனச் சிறு சமூகங்களும் தமக்கெனத் தளங்களை நடத்துகின்றன. அவற்றைப் புதுப்பிக்க முனைவோர் கவனிக்க வேண்டியவை சில உள்ளன.

முதலில், தளத்துக்கு வருவோர் எதற்காக வருகின்றனர் என்பதைப் பட்டியலிட வேண்டும். அடிக்கடி நடக்கும் வேலைக்குரிய பொத்தான் மேலே இருக்க வேண்டும். பழைய பக்கங்களின் முகவரிகள் மாறக் கூடாது. மாறினால், பிறர் சேமித்து வைத்த இணைப்புகளும் அச்சிட்ட அறிவிப்புகளில் உள்ள முகவரிகளும் பயனற்றுப் போகும். புதிய வடிவத்தை முதலில் சிலருக்கு மட்டும் காட்டிக் குறைகளைத் திருத்திய பின்னரே அனைவருக்கும் திறப்பது நல்லது. குறிப்பிட்ட காலத்துக்காவது பழைய வடிவத்துக்குத் திரும்பும் வழியும் இருக்க வேண்டும்.

அணுகல்தன்மையும் முக்கியம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற நிறவேறுபாடு வேண்டும் என்றும், எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் பக்கம் குலையக் கூடாது என்றும் உலகளாவிய நெறிகள் கூறுகின்றன. 2023 அக்டோபரில் வெளியான 2.2 பதிப்பு, விரலால் தொடும் பொத்தான்களுக்குக் குறைந்தபட்ச அளவையும் வகுத்தது. இந்தியாவில், எண்மச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது.

வாசகர் என்ன செய்யலாம்?

விக்கிப்பீடியாவின் புதிய தோற்றத்தால் சிரமப்படுவோர் கணினியில் கட்டுரையின் வலப்புறம் உள்ள தோற்றப் பட்டியலைத் திறந்து எழுத்தளவு, அகலம், வண்ணம் ஆகியவற்றை மாற்றிக்கொள்ளலாம். கைபேசி உலாவியில் தனித் தோற்றம் இயங்குகிறது. அதிலும் தலைப்புக்கு அருகே மொழிப் பொத்தான் உண்டு. தாம் தேடும் மொழி அப்பட்டியலில் இல்லை என்றால், அந்தக் கட்டுரை இன்னும் அம்மொழியில் எழுதப்படவில்லை, அல்லது உரிய கட்டுரையுடன் இணைக்கப்படவில்லை என்று பொருள். அதை எழுதவும் இணைக்கவும் எந்த வாசகருக்கும் வாய்ப்பு உண்டு.