கோட்டோவியத்தின் தகுதி

கோடென்பது ஓவியத்துக்கு முன்னீடு. வண்ணந் தீட்டியதும் மறைந்துவிடுவது. ஆதலின் அதனைத் தனிக் கலையென மதித்தோர் மிகச் சிலரே. இக்குறையை நீக்க எழுந்த முயற்சிகளுள் ஒன்று, இங்கிலாந்தில் 1994ஆம் ஆண்டு தொடங்கிய கோட்டோவியப் போட்டியாகும். 2001 முதல் 2017 வரை அது ஜேர்வூட் பரிசு எனப் பெயர் பெற்றிருந்தது. மாணவர், புதியோர், புகழ் பெற்றோர் ஆகிய முத்திறத்தார்க்கும் அதன் வாயில் திறந்திருந்தது. நடுவர் தேர்ந்த படைப்புக்கள் பிற ஊர்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டன. கோடே முற்றுப்பெற்ற கலை என்பதும், வரையும் உரிமை யாவர்க்கும் உண்டென்பதும் இதனால் நிலைபெற்றன.

இவ்வுண்மைக்குச் சான்று நம் நாட்டிலும் உண்டு. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் 'முற்றுப்பெறாத தோம்பு' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் ஒரு நூலை ஆக்கினார். தோம்பாவது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. போரினால் இடம்பெயர்ந்த பொதுமக்கள், தாம் இழந்த வீடுகளை நினைவினின்றும் வரைந்த 80 நிலப்படங்கள் அந்நூலிலுள. ஒவ்வொன்றையுங் கட்டடக்கலை முறையில் அமைந்த படமும் ஓவியரின் படமுந் தொடர்கின்றன. ஆங்குப் பரிசில்லை, நடுவருமில்லை. எனினும் கைவிட்டு வந்த வீட்டுக்கு அக்கோடே உறுதியாயிற்று. பூட்டிய வீடுகள் பலவற்றைக் கண்ட தீவகத்தார்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.