விளைத்தலும் விற்றலும்

ஒரு பொருளை ஆக்குதல் ஓர் ஆற்றல். ஆக்கிய பொருளைக் கொண்டு வாழ்தல் மற்றோர் ஆற்றல். முன்னையது கைத்திறத்தாலும் உடலுழைப்பாலும் வருவது. பின்னையது கணக்கறிதலாலும், காலமறிதலாலும், பிறரோடு கூடிச் செயற்படுதலாலும் வருவது. இவ்விரண்டாம் ஆற்றலை முறைப்படக் கற்பிக்கும் கல்வியே வணிக நிருவாகவியல் எனப்படும். அக்கல்வியின் தேவையைச் சேலம், நாமக்கல் சமவெளி நன்கு காட்டும்.

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் அடியில் பரந்து கிடக்கும் இந்நிலத்திற் பெரும்பகுதி மழையை நம்பிய புன்செய். எனினும் இங்கு வாழும் மக்கள் முயற்சியில் தளராதவர். சேலத்தில் நெசவும் வெள்ளிக் கொலுசு வேலையும் சிறந்து விளங்குகின்றன. நாமக்கல்லில் கோழிப்பண்ணைகளும், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் மிக்குள்ளன. திருச்செங்கோட்டார் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளோடு நாடெங்கும் செல்கின்றனர். ஆத்தூர், இராசிபுரம் பக்கங்களில் சவ்வரிசி ஆலைகள் இயங்குகின்றன.

இத்தொழில்களுள் இரண்டினைச் சற்று உற்று நோக்குவோம். முதலாவது முட்டை. துணியையோ கொலுசையோ விலை வரும்வரை பெட்டியிற் பூட்டி வைக்கலாம். முட்டையை அங்ஙனம் நெடுநாள் வைத்தல் இயலாது. விலை வீழ்ந்தது என்று கோழி முட்டையிடாமல் இருப்பதும் இல்லை. தீவனம் உண்ணாமல் இருப்பதும் இல்லை. ஆதலின், முன்னாளில் வணிகர் கூறியதே விலையாயிற்று. நாள்தோறும் உழைத்தும் பண்ணையாளர் பலர் கடனாளராயினர். இந்நிலையை மாற்ற, வெங்கடேசுவரா கோழிக்குஞ்சு நிறுவனத்தைத் தோற்றுவித்த பி. வி. ராவ் என்பார் பண்ணையாளர்களைக் கண்டு பேசி ஒன்று திரட்டினார். அதன் பயனாக 1982-ஆம் ஆண்டில் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாயிற்று. விளைத்தவரே கூடி விலையை அறிவிக்கும் வழக்கம் அதன்பின் வேரூன்றியது. விலை ஏறுவதும் இறங்குவதும் இன்றும் உண்டு; ஆயினும் விலை கூறும் இடத்தில் விளைத்தவர்க்கும் ஓர் இருக்கை கிடைத்தது.

இரண்டாவது சவ்வரிசி. இரண்டாம் உலகப் போரின்போது கடல்கடந்த நாடுகளிலிருந்து சவ்வரிசி வருதல் தடைப்பட்டது. அக்குறையை நிரப்ப, சேலத்தார் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதனை ஆக்கத் தலைப்பட்டனர். இவ்வட்டாரத்தார் அதனைக் குச்சிக்கிழங்கு என்பர். பறித்த கிழங்கு சில நாட்களிற் கெட்டுவிடும். ஆகவே, அறுவடைக் காலத்தில் ஆலைகள் எல்லாம் ஒருசேர ஓடிச் சரக்கைக் குவிக்கும். அவ்வேளையிற் பணமுடை உற்றவர் கிடைத்த விலைக்கு விற்க நேர்ந்தது. 1981-ஆம் ஆண்டில் ஆலையுடையோர் ஒன்று கூடிச் சேலத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். ‘சேகோசர்வ்’ என்பது அதன் வழக்குப் பெயர். சரக்கைக் கிடங்கில் வைத்தல், அதன்மேல் முன்பணம் பெறுதல், பலர் போட்டியிட்டு விலை கூறச் செய்து விற்றல் என்னும் வழிகள் அதனால் திறந்தன. சரக்கு மாறவில்லை, அதனை ஆளும் முறையே மாறியது.

இத்தகைய முறைகளின் நுட்பத்தை வணிக நிருவாகவியல் பல பிரிவுகளாக வகுத்து உரைக்கிறது. கணக்கியல், நிதி, சந்தையியல், உற்பத்தி, மனிதவளம், வணிகச் சட்டம், புள்ளியியல் என்பன அவற்றுட் சில. இவற்றின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு பண்ணையில் நாள்தோறும் 9,000 முட்டைகள் கிடைப்பதாகக் கொள்வோம். தீவனம், கூலி, மின்சாரம், மருந்து, கோழி வாங்கிய செலவின் பங்கு ஆகிய எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 40,500 ரூபாய் எனின், ஒரு முட்டையின் அடக்கவிலை 4 ரூபாய் 50 காசு. அதனை 4 ரூபாய் 30 காசுக்கு விற்பவன் நாள்தோறும் 1,800 ரூபாய் இழக்கிறான். ஆனால் அவன் கைக்கு ஒவ்வொரு நாளும் 38,700 ரூபாய் வருகின்றது. பணம் வந்துகொண்டே இருத்தலின் இழப்பு அவன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கடன்காரன் வாயிலில் நிற்கும் நாளிலேதான் அவன் அதனை அறிகிறான். அந்நாளுக்கு முன்னரே அறியச் செய்வது கணக்கியல். அறிந்தபின் செலவை எங்குக் குறைப்பது, சரக்கை எங்கு விடுப்பது, தொழிலாளர்க்கு உரியதைக் குறைக்காமல் நிலையைச் சீராக்குவது எவ்வாறு என்பவற்றைப் பிற பிரிவுகள் காட்டும்.

மேலைநாட்டில் இக்கல்விக்கென 1881-ஆம் ஆண்டில் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் பள்ளி தொடங்கிற்று. 1908-இல் ஆர்வர்டு பல்கலைக்கழகம் இதற்கெனத் தனிப்பள்ளி அமைத்தது. நம் நாட்டில் 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் எழுந்தன. தமிழகத்தில் அத்தகைய கழகம் 2011-இல் திருச்சிராப்பள்ளியில் அமைந்தது.

பெயர் புதிதாயினும் இதன் கருத்துத் தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என ஐந்து அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனுக்கு உரைத்த அவ்வறிவு, ஆலை நடத்துவோனுக்கும் பண்ணை நடத்துவோனுக்கும் வேண்டுவதே.

நெடுங்காலம் இவ்வட்டாரக் கல்லூரிகள் 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தன. 1997-ஆம் ஆண்டில் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று; அவ்வாண்டிலேயே சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகமும் தோன்றிற்று. கருப்பூரை அடுத்துப் பெங்களூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள அப்பல்கலைக்கழகத்தில் மேலாண்மைக் கல்வி கற்பிக்கப்படுகிறது. மேனிலைப் பள்ளிப் படிப்பை முடித்தோர், அதனைச் சார்ந்த கல்லூரிகளில் மூன்றாண்டு பயின்று வணிக நிருவாகவியலில் இளநிலைப் பட்டம் பெறலாம். பட்டம் பெற்றோர் மேலும் இரண்டாண்டு கற்று முதுநிலை எய்தலாம். அரசு நிறுவிய கல்விக்கூடம் ஆதலின், பெருஞ்செல்வர் மக்களே அன்றித் தறிநெய்வோர், லாரி ஓட்டுவோர், பண்ணைக் கூலியாளர் ஆகியோரின் மக்களும் இவ்வாயிலுள் நுழைய வழி உண்டு. விற்போரிடம் மட்டும் இருந்த அறிவு விளைப்போர் இல்லத்துக்கும் செல்லுதல் இதனால் கைகூடும்.

பட்டம் ஒன்றே தொழிலை நடத்திவிடாது. கோழியின் நடையைக் கண்டே அதன் நோயை உணரும் தந்தையின் பட்டறிவு எந்நூலிலும் அகப்படாது. கணக்கேட்டைக் கண்டே தொழிலின் நோயை உணரும் மகளின் கல்வியறிவோ தந்தைக்கு வாய்த்ததன்று. இவ்விரண்டும் ஒரு கூரையின்கீழ் ஒன்று சேரும் இல்லத்தில் உழைப்பு வீண்போவதில்லை.